எண்களால் இட்ட எல்லை

நம் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர் பத்திரம் எழுதும்போது சக்குபந்தி என்று ஒன்று சேர்ப்பது வழக்கம். இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்று அது சொல்லும். பல தலைமுறைகளாக இம்முறை நன்றாகவே நடந்து வந்திருக்கிறது. ஆயினும் அதில் ஒரு சங்கடம் உண்டு. வாய்க்கால் தூர்ந்து போகும். வண்டிப்பாதை இடம் மாறும். அண்டை நிலத்துக்காரர் விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விடுவார். அண்டை அயலைக் கொண்டு ஓர் இடத்தைச் சொல்வதானால் அந்த அண்டை அயலும் அசையாமல் இருந்தாக வேண்டும்.

அண்டை அயலைக் கேளாமலே இடத்தைச் சொல்லும் முறைதான் அட்சரேகை, தீர்க்கரேகை முறை. அகலாங்கு, நெட்டாங்கு என்று பாடநூல்களில் வருவனவும் இவையே. பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை, இங்கிலாந்திலுள்ள கிரீனிச்சுக்குக் கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்ற இரண்டு எண்கள் போதும். பாகையை அறுபது கூறு செய்தால் ஒரு கலை. கலையை அறுபது கூறு செய்தால் ஒரு விகலை. அட்சரேகையில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். மாலுமிகளின் மைல் பிறந்ததே இந்தக் கணக்கிலிருந்துதான்.

அட்சரேகையை அறிவது எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. தீர்க்கரேகையோ காலத்தைப் பொறுத்தது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகிறது. சென்னை கிரீனிச்சுக்குக் கிழக்கே எண்பதேகால் பாகையில் இருக்கிறது. ஆகவே அங்குள்ள நேரம் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானோக்கு நிலையம் கணித்துத் தந்த அந்தச் சென்னை நேரத்தையே ஒரு காலத்தில் நம் ரயில்கள் பின்பற்றி ஓடின.

இத்தனை வசதியான முறை கையில் இருக்கும்போது அரசுகள் அதைக் கொண்டு நாடுகளையும் பிரிக்கத் தொடங்கியதில் வியப்பில்லை. 1818-இல் பிரிட்டனும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ராக்கி மலைத்தொடர் வரையில் 49-ஆவது அட்சரேகையே எல்லை என்று முடிவாயிற்று. 1846-இல் அது மேலைக் கடல் வரையில் நீண்டது. மேஜையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்தவர்கள் அந்தப் பிரதேசத்தின் பெரும் பகுதியைக் கண்ணால் கண்டதில்லை. காண வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை என்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி. அபாயமும் அதுவே என்று நான் கருதுகிறேன்.

எண் காகிதத்தில் இருக்கிறது. அதைத் தரையில் காட்டுவது யார்? 1857 முதல் மேற்கிலும், 1872 முதல் கிழக்கிலும் இருநாட்டு நில அளவைக்காரர்கள் காட்டையும் புல்வெளியையும் கடந்து அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டு சென்றார்கள். இரவில் நட்சத்திரங்களை அளந்து இடத்தை நிர்ணயித்தார்கள். நட்சத்திரத்தை அளப்பதற்கு முதலில் நேர்மேல் எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது கொத்தனாரின் தூக்குக்குண்டு காட்டுகிற அதே செங்குத்துத்தான். பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதன் ஈர்ப்பு குண்டைத் தன் பக்கம் சற்றே இழுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இழுப்புத்தான். ஆனால் ஒரு விகலை பிசகினால் தரையில் நூறு அடி பிசகும். இதனால் எல்லைக்கற்கள் சில இடங்களில் வடக்கேயும் சில இடங்களில் தெற்கேயும் பல நூறு அடி விலகி நின்றன. படத்தில் கயிறு பிடித்தாற்போலத் தோன்றும் அந்த எல்லை, நிலத்தில் கோணலும் மாணலுமாகவே ஓடுகிறது.

பிழை தெரிந்த பிறகு கற்களைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டார்களா? இல்லை. நட்ட கற்களையே எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் ஒரு படி சென்று, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேர்கோடு இழுத்தால் எதுவோ அதுவே எல்லை என்று வகுத்தது. இன்று 49-ஆவது அட்சரேகையின் பெயரால் நிற்பது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களின் வரிசைதான். இது எனக்கு மிகவும் விவேகமான தீர்ப்பாகத் தோன்றுகிறது. அந்தக் கற்களை நம்பித்தானே குடியானவர்கள் வேலி போட்டு உழுதிருப்பார்கள்!

எண்ணுக்கு மூலஸ்தானமான கிரீனிச்சிலேயே இந்த வேடிக்கை உண்டு. அங்கே பூச்சியப் பாகையைக் காட்ட ஓர் உலோகப் பட்டை பதித்திருக்கிறார்கள். இக்கால ஜி.பி.எஸ். கருவியோடு அதன்மேல் நின்றால் கருவி பூச்சியம் காட்டாது. கிழக்கே 102 மீட்டர் நடக்க வேண்டும். பழைய கருவி அந்த இடத்துச் செங்குத்தை நம்பியது. செயற்கைக்கோள் பூமி முழுவதையும் கணக்கில் கொள்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆகவே ஓர் எண்ணைச் சொன்னால், எந்த அளவையின்படி என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நிலத்தில் கல் இருக்கிறது. தகராறு வந்தால் கல்லைக் காட்டலாம். கடலில் எதைக் காட்டுவது? பாக் ஜலசந்தியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974 ஜூனில் ஏற்பட்ட உடன்படிக்கை ஆறு புள்ளிகளை எண்களால் குறித்து, அவற்றை வரிசையாக இணைக்கும் கோடே எல்லை என்கிறது. மூன்றாவது புள்ளி வடக்கு 9 பாகை 40.15 கலை, கிழக்கு 79 பாகை 22.60 கலை. கலையில் நூறில் ஒரு பங்கு என்பது அறுபது அடி. அறுபது அடி நுட்பத்தோடு குறித்த அந்த இடத்தில் அலையைத் தவிர வேறொன்றும் இல்லை. எண் மட்டும் போதாது என்பதை உடன்படிக்கை எழுதியவர்களும் உணர்ந்தே இருந்தார்கள்; புள்ளிகளைக் கடலில் எங்கே நிர்ணயிப்பது என்பதை, இருநாட்டு அளவைக்காரர்களும் ஒப்புக்கொள்ளும் முறைப்படி முடிவு செய்ய வேண்டும் என்று மூன்றாம் பிரிவில் எழுதி வைத்தார்கள்.

கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக் கூட்டத்தையும் ஒரு கோட்டில் பார்த்துத் தாம் இருக்கும் இடம் அறிந்த மீனவர்களுக்கு இந்த எண்கள் புது மொழி. இரு நாட்டு மீன்பிடி படகுகளும் ஒன்று மற்றதன் நீரில் மீன் பிடிக்கலாகாது என்று 1976-இல் கடிதங்கள் பரிமாறப்பட்டன. அதன் பிறகு கோட்டைக் கடப்பவர்கள் கைதாவதும் படகுகள் பறிபோவதும் ஓயவில்லை. எல்லோரும் அறியாமல் கடக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தே போகிறவர்கள் உண்டு. நம் இழுவை வலைகளால் நஷ்டப்படுகிறவர்கள் அக்கரையிலும் தமிழ் பேசும் மீனவர்களே. ஆனால் அறிந்து நிற்க விரும்புகிறவனுக்கும் வழி எளிதன்று என்பதைப் பார்க்க வேண்டும்.

நான்காவது புள்ளி கச்சத்தீவுக்கு அருகே, வடக்கு 9 பாகை 21.8 கலை, கிழக்கு 79 பாகை 30.7 கலை. ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 12 கடல் மைல்; விசைப்படகில் இரண்டு மணி நேரப் பயணம். அந்தப் புள்ளிக்கு நேர் மேற்கே நிற்கும் படகில், கருவியின் திரை 79 பாகை 30 கலை என்று காட்டும்போது எல்லைக்கு இன்னும் முக்கால் கலைக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒன்றேகால் கிலோமீட்டர். வலையை இழுத்துக்கொண்டு மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் கிழக்கே ஊர்ந்தாலும் கால்மணிக்குள் அது தீர்ந்துவிடும். இருட்டு வேளையில் வலையில் கை வைத்திருப்பவன் அந்தக் கால்மணிக்குள் எத்தனை முறை தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பான்?