அதிரும் வேன், திணறும் பேட்டரி

புரட்டாசிச் சனிக்கிழமை. ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதிக்குப் போகும் வேன்கள் நாராயணவனத்தில் ஒதுங்கி நிற்கின்றன. சீனிவாசனுக்கும் பத்மாவதிக்கும் கல்யாணம் நடந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஊர். பயணிகள் இறங்கிக் கல்யாண வெங்கடேசப் பெருமாள் சன்னதிக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சின் நின்றுவிட்டது, ஆனால் பாட்டு நிற்பதில்லை. தரிசனம் முடிந்து வந்து டிரைவர் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்தர்கள் வேனைத் தள்ள வேண்டியதுதான்.

2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் இந்தச் சிற்றூரில் மட்டும் நடக்கும் விஷயமல்ல இது. கேசட் காலத்தில் டிரைவர் தலைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர் போதும். இப்போது இருக்கைக்கு அடியில் சப்-ஊஃபர், பின்னால் 1,000 வாட் ஆம்பிளிஃபயர். ஸ்பீக்கரின் விலையைப் பேரம் பேசி வாங்குகிறவர்கள், அது குடிக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை.

கணக்கு எளிது. நல்ல 'கிளாஸ் டி' ஆம்பிளிஃபயர்கூட வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தைத்தான் ஒலியாக்கத் தருகிறது. 1,000 வாட் வெளியே வர 1,250 வாட் உள்ளே போகவேண்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். அப்படியானால் சத்தம் உச்சத்தில் இருக்கும்போது இழுப்பது 90 ஆம்பியர். சிறிய வண்டிகளில் கம்பெனி பொருத்தித் தரும் ஆல்டர்னேட்டரின் முழுத் திறனே பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர்தான். அதிலும் ஹெட்லைட், வைப்பர், விசிறி, ஏ.சி. எல்லாம் தங்கள் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். சிக்னலில் வண்டி நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டிரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டும் கூடவே தாளம் போடுகிறதே, காரணம் இதுதான்.

பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டுகிறது. ஆனால் பேட்டரி தருவது கடன். இதே நாராயணவனத்துக் கல்யாணத்துக்காகப் பெருமாள் குபேரனிடம் கடன் வாங்கி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருப்பதாக ஐதீகம். வண்டியிலும் அதே கதை. எடுத்ததைவிடக் கூடுதலாகவே ஆல்டர்னேட்டர் திருப்பிச் செலுத்தவேண்டும். இரண்டாவது பேட்டரி வைத்தால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கிறவருக்கு அது உதவும். ஓடும் வண்டியில், வருமானம் உயராமல் இன்னொரு கடன்காரரைச் சேர்த்துக்கொண்ட மாதிரிதான். தெருவுக்குத் தெரு விற்கும் 'ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர்' கண்சிமிட்டும் நேரத்துக்குத்தான் தாங்கும்.

முதலில் மாற்ற வேண்டியது ஆல்டர்னேட்டர். அடுத்தது, விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் வலியுறுத்தும் மூன்று ஒயர்கள்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து சேசிஸுக்கு, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு. இவற்றைத் தடிமனாக மாற்றாமல் பெரிய ஆல்டர்னேட்டர் போடுவது, ஏரியை வெட்டிவிட்டு வாய்க்காலை மறப்பது போலத்தான். ஆம்பிளிஃபயருக்குப் போகும் ஒயரின் கதியும் அதேதான். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளம் ஓடினால், 90 ஆம்பியரில் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 70 வாட் சூடு ஒயரிலேயே தங்கும். 50 சதுர மில்லிமீட்டராக்கினால் இழப்பு ஐந்தில் ஒன்றாகக் குறையும். பணத்தை மிச்சப்படுத்தச் செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் வாங்குகிறவர்கள், செம்பின் கடத்துதிறனில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காததைக் கவனிப்பதில்லை.

சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இதெல்லாம் கிடைக்கும். அங்கே அதிகம் தவிர்க்கப்படுவது சில நூறு ரூபாய் ஃபியூஸ்தான். ஃபியூஸ் ஆம்பிளிஃபயரைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. அது பேட்டரி முனையிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆம்பிளிஃபயர் பக்கத்தில் மாட்டினால் இடையில் உள்ள நான்கு மீட்டர் ஒயருக்குப் பாதுகாப்பில்லை. எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டை ரப்பர் வளையம் இல்லாமல் துளைத்து வரும் ஒயர், ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் உரசும். ஒருநாள் உறை கிழிந்து இரும்பைத் தொடும்போது, பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டிவிடும். பிறகு எரிவது பாட்டுப் பெட்டி மட்டுமல்ல.

பஸ், லாரிகளில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட். அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிக்கொள்வது நம் ஊர் சாமர்த்தியம். அந்தப் பேட்டரி பட்டினி கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கன்வர்ட்டர் ஒன்று போதும், இரண்டும் பிழைக்கும்.

12 வோல்ட்டால் நெருப்பு வரும். மனிதரைத் தாக்கும் ஷாக் பொதுவாக வராது. ஆனால் வண்டியின் மின்சாரம் போதாது என்று ஜெனரேட்டரை ஏற்றும்போது நிலைமை தலைகீழ். 2022 ஜூலை 31 நள்ளிரவில் மேற்கு வங்கத்தின் கூச்பெகார் மாவட்டத்தில், ஜல்பேஷ் சிவன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பிக்-அப் வேனில் 10 பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். வண்டியின் பின்பக்கம் இருந்த டி.ஜே. ஜெனரேட்டரின் ஒயரிங் காரணமாக இருக்கலாம் என்பது போலீஸாரின் முதற்கட்ட முடிவு. அப்படிப்பட்ட வண்டியில் உறை கிழிந்த 230 வோல்ட் ஒயர் இரும்புத் தளத்தைத் தொட்டால் வேன் முழுவதுமே ஒயராகிவிடும். மழையும் வெறுங்காலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் சந்தையில் இருக்கிறது. முறையான எர்த் இணைப்போடு அதை மாட்டும் செலவு, ஒரு நல்ல ஸ்பீக்கரின் விலைக்கு மேல் போகாது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. விதிகள் அனுமதிக்காத மாற்றத்தை வண்டியில் செய்யும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வழிசெய்கிறது. 2022 அக்டோபரில் பாலக்காடு அருகே வடக்கஞ்சேரியில் சுற்றுலா பஸ் மோதி ஒன்பது பேர் இறந்தபின், அதிசக்தி ஒலிக் கருவிகளும் வண்ண விளக்குகளும் பொருத்திய பஸ்கள்மீது கேரள உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வகுத்திருக்கின்றன. 1,000 வாட் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அந்த எல்லையை நினைத்துப் பார்ப்பார்களோ!

இத்தனையும் சரியாகச் செய்தாலும், எஞ்சினை நிறுத்திய வண்டியில் ஆல்டர்னேட்டர் ஓடாது. டாஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருந்தால் டிரைவருக்கு அது தெரியும். பாட்டை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது முள் 12.6இல் நின்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2க்கு இறங்கினால் பாதி காலி. கோயிலுக்குள் போனவர்கள் திரும்பி வருவதற்குள் பாட்டை நிறுத்தவேண்டிய நேரம் அது.