மேட்டில் உட்கார்ந்த காற்று

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடையது டர்போ கார். முன்பக்கம் அடிபட்டதால், இன்டர்கூலர் தண்ணீரை ஆறவைக்கும் சின்ன ரேடியேட்டரைப் புதிதாக மாற்றியிருக்கிறார். அதன் பிறகு தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுக்கிறது. பானெட்டுக்குள் ‘குளக் குளக்’ என்று சத்தம். பட்டறையில் “ஏர் நிக்குது, எடுத்துட்டா சரியாயிரும்” என்றார்களாம். புத்தம்புது சாமானைத் தோற்கடிக்க ஒரு கைப்பிடிக் காற்று போதுமா என்பது அவர் கேள்வி.

போதும். அதிலும் இன்டர்கூலர் தண்ணீர் ஓடும் இந்தச் சுற்றில் தாராளமாகப் போதும்.

டர்போவோ, பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரோ, இரண்டும் காற்றை நெரித்து எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. நெரித்தால் காற்று சுடும். சேலத்துச் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெரித்தால், வெளியே வரும்போது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதை 60 டிகிரிக்கு ஆற்றினால், அதே அழுத்தத்தில், அதே இடத்தில், சுமார் 20 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். இன்டர்கூலருக்கு இருக்கும் வேலை இவ்வளவுதான். நாமக்கல் லாரிகளில் இந்தச் சூட்டை எதிர்க்காற்றே நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அங்கே தண்ணீர் இல்லை, ஏர் எடுக்கும் வேலையும் இல்லை. இடம் நெருக்கமான கார்களில் நடுவே தண்ணீரைத் தரகராக வைக்கிறார்கள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின்களிலும், வெளிநாட்டு சூப்பர்சார்ஜர் கார்கள் பலவற்றிலும் இந்த ஏற்பாடுதான். ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டைச் சுமக்க மூவாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும் என்பதால், தரகர் கெட்டிக்காரர்தான்.

  

என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இந்தத் தண்ணீரைச் சுற்றவைக்கும் சின்ன மின் பம்பு. நம் ஊர்க் கிணற்று மோட்டாரின் பேரப்பிள்ளை அது. மோட்டாருக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் சுவிட்ச் போட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் எந்த விவசாயிக்கும் தெரியும்: மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. ஃபுட் வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைத்தவர்கள் நம் அப்பாக்கள். அந்தச் சாணிக் கரைசலுக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. சுழலும் இறக்கை, தனக்குள் இருப்பது எதுவானாலும் அதைக் குறிப்பிட்ட உயரத்துக்கு வீசத்தான் அறியும். மூன்று மீட்டருக்குத் தண்ணீர் வீசும் பம்பு, காற்றையும் மூன்று மீட்டருக்கே வீசும். மூன்று மீட்டர் காற்றின் கனமோ, நான்கு மில்லிமீட்டர் தண்ணீரின் கனம்கூட இல்லை. இறக்கைக்குள் காற்று புகுந்த நொடியே மூன்று மீட்டர் பலம் நான்கு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. பம்பைக் குழாய்ச் சுற்றின் தாழ்வான இடத்தில் வைத்து, தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும்படி மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது தொல்லை மேட்டில். கிணற்றிலிருந்து தென்னந்தோப்புக்குக் கரட்டைத் தாண்டிக் குழாய் போட்டவர்கள் மேட்டின் உச்சியில் ஏர் வால்வு வைத்திருப்பார்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்தால், மறுபக்கம் இறங்கும் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறும் தண்ணீரைத் தன் கனத்தாலேயே இழுத்துக் கொடுக்கும்; பம்புக்கு மேடு தெரியவே தெரியாது. உச்சியில் காற்று நின்றால் அந்தக் கைகோப்பு அறுந்துவிடும். இறங்கும் பக்கத்தில் காற்று எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ, அவ்வளவு உயரத்தையும் பம்பு தனியாகச் சுமக்க வேண்டும். கார்க் குழாய் கரட்டை ஏறுவதில்லை, ஒரு முழம்தான் ஏறி இறங்கும். ஆனால் அந்தப் பம்பும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அல்லவே. மெதுவாக ஓடும் தண்ணீருக்குக் குமிழைக் கீழே இழுத்துச் செல்லவும் தெம்பில்லை. குமிழுக்குக் கீழே ஓரமாகத் தண்ணீர் ஊர்ந்துபோகும். அதுதான் ‘குளக் குளக்’. உள்ளே போகும் காற்று ஆறவில்லை என்று கண்ட எஞ்சின் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. தொப்பூரில் இழுவை போனது அப்படித்தான்.

ஏர் எடுப்பது பொறுமையான வேலை. வண்டியின் முகத்தைச் சற்றுத் தூக்கி நிறுத்தி, நிரப்பும் வாயை உச்சியாக்க வேண்டும். தண்ணீர் ரேடியேட்டரின் அடியில் நுழைந்து மேலே வெளியேறும்படி குழாய் மாட்டினால், குமிழ்கள் தாமாகவே மேலே நகரும். ஏர் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழில்லாத ஒழுக்கு வரும்வரை மெல்ல ஊற்ற வேண்டும். பம்பை ஓட்டி, நிறுத்தி, மட்டம் பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். நல்ல பட்டறைகள் முதலில் சுற்றிலிருந்து காற்றை உறிஞ்சுகின்றன. பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சிவிட்டுக் கூலண்ட்டை உள்ளே விட்டால், மிச்சக் காற்றும் வெளியழுத்தத்தில் நெரிந்து பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கிவிடும். இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கிடையில், பெரிய ரேடியேட்டர் போட்டால் குதிரைத்திறன் கொட்டும், அதிசயக் கூலண்ட் ஊற்றினால் பனிக்கட்டி ஆகும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். சூடு சுமப்பதில் வெறும் தண்ணீரை, கூலண்ட்டில் இருக்கும் எந்தக் கிளைக்கால் கலவையும் மிஞ்சாது. கூலண்ட் ஊற்றுவது துருவைத் தடுக்க. அதற்காக நம் போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அதன் உப்புப் படிவு, அலுமினியம் கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்கைத்தான் கடத்தும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நிறுவனம் சொன்ன கூலண்ட்டைக் கலந்தால் போதும்.

வாசகருக்கு ஒன்று: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். ஏர் எடுத்த மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பிறகு தொட்டியைப் பாருங்கள். மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தால், வெளியேறிய காற்றின் அளவு அது, ஊற்றி நிரப்புங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் அது காற்று அல்ல, ஒழுகல்.