கொல்லைக் கோழிகளுக்கு வரும் கொடிய நோய்

கொல்லையில் மேயும் பத்துக் கோழிகள் இல்லத்தரசியின் கைச்செலவுக்கு உதவும் சிறு சேமிப்பாகும். அச்சேமிப்பைச் சில நாட்களிலேயே அழித்துவிடக் கூடியது வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் அறியப்பட்ட இந்நோய், பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் அவ்வூரின் பெயராலும் வழங்கப்படுகிறது.

கோழி இரையெடுக்காமல் உறங்கி வழியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கழுத்துத் திருகிக் கொள்ளும். நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே, நோயுற்றதை உடனே தனிமைப்படுத்துங்கள். அதற்கு இரையிட்ட கையோடு மற்றவற்றிடம் செல்லாதீர்கள். இறந்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

'சாகுமுன் அறுத்துவிடுவோம்', 'சந்தையில் தள்ளிவிடுவோம்' என்ற எண்ணம் எழலாம். அறுத்த இடத்தில் சிதறும் இரத்தமும் இறகும் கிருமியைப் பரப்பும். குறையை மறைத்து விற்பதோ நம் நஷ்டத்தை இன்னோர் ஏழைச் சகோதரியின் தலையில் சுமத்துவதாகும். மார்க்கமும் அதனை அனுமதிக்கவில்லை.

வருமுன் காப்பதே வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசி. நலமுள்ள கோழிகளுக்கே இவற்றை அளிக்க வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியிட்ட பாத்திரத்தில் குளிர்ச்சி குன்றாமல் கொண்டு வருவதும் அவசியம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை இன்றே அணுகுங்கள். வாயில்லா உயிர்களைப் பேணுவதும் நம் பொறுப்பன்றோ!