துண்டு வெட்டும் நேரத்துப் பாடம்

(நோயும் நாமும் – 9)

தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஒரு நாளில் எத்தனை ஊசி போட்டார், எத்தனை பேருக்குக் காயத்துக்கு மருந்து கட்டினார் என்பதற்கெல்லாம் பதிவு இருக்கும். எத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பதற்குப் பதிவில்லை. ஆனால் விடியத் தொடங்கி அவர் செய்வதில் பாதி வேலை அதுதான். இன்சுலினை எங்கே, எப்படிப் போடுவது, காயத்தை நனையவிடாமல் எப்படிக் குளிப்பது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது. எல்லாம் சொல்லி முடித்தபின் ஒரு கேள்வி வரும்: “விளங்கினதோ அம்மா?”

“ஓம் மிஸி.”

அந்த “ஓம்” பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

என் அம்மாவுக்குச் சலரோகம் என்று கண்டபோது, சீனியைத் தொடவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அம்மா “ஓம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் சீனிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி வந்தது. மூன்று மாதம் கழித்து இரத்தம் சோதித்தபோது அளவு முன்னையதை விடக் கூடியிருந்தது. சொல்வழி கேளாத ஆள் என்று அம்மாவுக்கு ஏச்சு விழுந்தது. அம்மா அழுதுகொண்டு வந்தார். சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்துக் கேட்டிருந்தார். சீனியை அவர் தொடவில்லை. பனங்கட்டி எங்கள் வீட்டில் ஒருநாளும் சீனிக் கணக்கில் வந்ததில்லை. அது பனையிலிருந்து வருவது, உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். தேத்தண்ணி என்னத்தோடு குடிப்பீர்கள் என்று ஒருவராவது அம்மாவிடம் கேட்டிருந்தால் அந்த மூன்று மாதம் வீணாகியிராது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் கல்வி உளவியல் பற்றி எழுதிய நூலின் அடிப்படையும் இதுவே. படிப்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது, அதைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்க வேண்டும் என்றார் அவர். நோயாளி வெறும் பாத்திரமாக வருவதில்லை. பத்தியம், சூடு, குளிர்ச்சி, கிரந்தி, வாய்வு என்று ஒரு முழு மருத்துவ அறிவோடு வருகிறார். அதில் சில பிழையாக இருக்கலாம். ஆனால் புதிய செய்தி போய் ஒட்ட வேண்டிய இடம் அதுதான். பத்தியம் என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் இன்ன கறி ஆகும், இன்னது ஆகாது என்று நாள்கணக்காகக் காக்கும் ஒழுங்கு எங்கள் பெண்களின் கையில் இருக்கிறது. சலரோகத்துக்கும் அது ஒரு பத்தியம், பனங்கட்டியும் தேனும் அந்தப் பத்தியத்துக்கு ஆகாதவை என்று சொன்னால் அரைமணி நேர விளக்கம் மிச்சமாகும்.

அம்மாவுக்கு வீணானது மூன்று மாதம்தான். விளங்காமல் போனால் உயிரே போகும் இடமும் உண்டு. அதற்கு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வருவோம். யுத்த காலத்தில் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த ஊர் இது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாளில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தார்கள் ‘ட்ரெய்ல்’ நடைபயணக்காரர்கள். அந்த நடையில் சேர்ந்த பணத்தில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. இன்று யாழ்ப்பாணத்தார் மட்டுமல்லாமல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்து நோயாளர்களும் அங்கே வருகிறார்கள். மருந்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அடுத்த தவணைக்கு வரும் வரை அவர்களைப் பார்த்துக்கொள்வது வீட்டார்தான், விடுதியில் கேட்ட நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு.

அந்த நாலு வார்த்தையில் உயிர் போகும் விசயம் ஒன்று இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி ஒரு வாரம், இரண்டு வாரம் போகும்போது இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்துவிடும். அந்த நாட்களில் உடம்புச் சூடு 38 பாகை செல்சியசைத் தொட்டால், அதாவது 100.4 பரனைற், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. கிருமி இரத்தத்தில் பரவினால் எதிர்க்க ஆளில்லை. மணித்தியாலக் கணக்கில் நிலைமை கைமீறும். உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும், இரவென்றாலும் வரவேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கு ஒரு வழமை உண்டு. இரண்டு பனடோல், கொத்தமல்லி அவித்த தண்ணி, போர்வை. விடிய எழும்பிப் பார்ப்போம். பனடோல் சூட்டை இறக்கி ஆபத்தை மறைத்துவிடும். “காய்ச்சல் வந்தால் வாங்கோ” என்று மிஸி சொன்னது அந்த வீட்டாருக்கும் ஞாபகம் இருக்கும். எந்தக் காய்ச்சல், எவ்வளவு நேரத்துக்குள் என்பதுதான் விளங்கியிராது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ரோய் கெசல்ஸ் 2003இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வைத்தியசாலையில் கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது. ஞாபகம் இருப்பதிலும் ஏறத்தாழப் பாதி பிழையாகவே பதிகிறது. படித்தவர், படியாதவர் என்று இதில் பெரிய பேச்சு வேண்டாம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட காதில் அதற்குப் பிறகு எதுவும் ஏறாது. பேராசிரியரானாலும் அப்படித்தான்.

அதே 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் டீன் சிலிங்கர் குழுவினர் சலரோகக்காரரும் வைத்தியரும் பேசிக்கொள்வதைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளிக்குப் புதிய செய்தி ஏதாவது சொல்லப்பட்ட 61 சந்திப்புகளில், அது விளங்கியதா என்று நோயாளியின் வாயால் சொல்லவைத்துப் பார்த்தது 12 இல்தான். அப்படிச் சொல்லவைத்த வைத்தியர்களின் நோயாளர்களிடம்தான் சீனி அளவு கூடுதலாகக் கட்டுப்பட்டிருந்தது. இந்தத் திருப்பிச் சொல்லவைக்கும் முறை இன்று உலகெங்கும் தாதியர் கல்வியில் இருக்கிறது. செய்வதற்குக் காசு தேவையில்லை, கருவி தேவையில்லை. கேள்வியை மாற்றினால் போதும். “விளங்கினதோ?” என்று கேட்டால் எங்கள் சனம் “ஓம்” என்றுதான் சொல்லும். இல்லை என்று சொல்வது மிஸிக்கு மரியாதைக்குறைவு, தனக்கு வெட்கம். அதைவிட இப்படிக் கேட்கலாம்: “அம்மா, நான் வடிவாச் சொன்னனானோ தெரியேல்லை. வீட்டை போனதும் மகள் கேட்பா. காய்ச்சல் வந்தா என்ன செய்யோணும் எண்டு அவவுக்கு எப்பிடிச் சொல்லுவியள்?” பொறுப்பு இப்போது சொன்னவரிடம் வந்துவிட்டது. கேட்டவருக்கு வெட்கமில்லை. “பனடோல் ரெண்டு குடுத்திட்டு...” என்று அவர் தொடங்கினால், பிழை அந்த இடத்திலேயே பிடிபடும்.

சொல்வது ஒரு பகுதி. செய்வது வேறு. அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரை, என்னால் இது ஏலும் என்ற நம்பிக்கையைப் பற்றியது. ஒருவருக்குத் தெரிவது வேறு, ஏலும் என்று நம்புவது வேறு. அந்த நம்பிக்கையை ஊட்டும் வழிகளில் முதன்மையானது தானே செய்துபார்த்து வெல்வது. அடுத்தது, தன்னைப்போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது. வாயால் தரும் ஊக்கம் அதற்குப் பின்னால்தான் வரும். நாங்கள் செய்வது தலைகீழ். இன்சுலின் ஊசியை மிஸி தானே போட்டுக் காட்டுவார், “பயப்படாதேங்கோ” என்பார், துண்டு வெட்டியாகிவிடும். நோயாளி முதன்முதலில் ஊசியைப் பிடிப்பது வீட்டில், தனியாக, கை நடுங்க. வாட்டில் இருக்கும் இரண்டு நாளும் ஊசியை அவர் கையிலேயே கொடுத்தால் என்ன? பக்கத்துக் கட்டில் ஐயா பத்து வருசமாகத் தானே போடுகிறார் என்றால் அவரைக் காட்டச் சொன்னால் என்ன? அமெரிக்காவில் கேற் லோரிக், மூட்டுவாத நோயாளருக்கான வகுப்புகளை அதே நோயுள்ள சாதாரண மனிதர்களைக் கொண்டே நடத்தினார். பலன் கிடைத்தது எப்படி என்று தேடியபோது, அறிவு கூடியதைவிட நம்பிக்கை கூடியதுதான் காரணமாகத் தெரிந்தது.

பயமுறுத்தும் சுவரொட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாக்கு புற்றுநோயைத் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் உறுதியாக வெளியிட்டது. புகையிலை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் வெற்றிலைத் தட்டம் வீடுகளில் இருக்கிறது. வாயில் போட்ட அடுத்த நிமிசமே சுகம் தருவதற்கும், இருபது வருசம் கழித்து வரும் நோய்க்கும் நடக்கும் போட்டியில் எது வெல்லும் என்பதை நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் பாடத்தில் ஒரு பக்கம் படித்தவரும் சொல்வார். விடுவதற்கு உடனே கிடைக்கும் பலன் ஒன்றை, வாய்ப்புண் ஆறுவதை, மிச்சமாகும் காசை, வாராவாரம் காட்டிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். ஊரில் அந்த ஆள் குடும்பநல உத்தியோகத்தர்.

படிப்பவரின் இடத்திலிருந்து தொடங்குவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தெல்லிப்பழைக்குத் தெற்கே மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்கள் தமிழில் அச்சேறின. உடற்கூற்றை வேற்றுமொழியில் மனப்பாடம் செய்தவன் ஊராருக்கு எதையும் விளக்கமாட்டான் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். அவர் ஊர் திரும்பி ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஆங்கிலச் சுருக்கெழுத்துத்தான் இருக்கிறது. இது எனக்குத் தாங்கமுடியாத விசயம். கொப்பி யாருடையது? வாசிக்க வேண்டியவர் யார்?

நேரம் எங்கே என்று தாதியர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன சுகாதாரத் துறையினர் கொஞ்சமல்ல. மிஞ்சியிருப்பவர்களின் தோளில் சுமை கூடியிருக்கிறது. பத்துச் செய்தி சொல்லப் பத்து நிமிசம் இல்லையென்றால், உயிரைக் காக்கும் ஒன்றை மட்டும் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லவைத்து அனுப்புங்கள். மற்றதை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்களையோ வீட்டில் ஒருவரையோ துண்டு வெட்டி அனுப்பும்போது “ஓம்” என்று சொல்லி எழும்பிவிடாதீர்கள். “மிஸி, நான் விளங்கிக்கொண்டது இதுதான், சரியோ பாருங்கோ” என்று சொல்லிக்காட்டிவிட்டு வெளிக்கிடுங்கள்.