நடுவே ஓடும் காளி ஆறு

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பார்த்தால் மேற்கே மலை தெரியும். கேரள எல்லை அந்த மலைமுகட்டை ஒட்டித்தான் போகிறது. காடும் மேகமுமாக இருக்கிற உயரம் என்பதால் கீழே இருப்பவர்கள் எல்லையை நினைத்தே பார்ப்பதில்லை. உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில் இருக்கும் தார்ச்சுலாவில் அப்படி முடியாது. அங்கே எல்லை தண்ணீராக ஓடுகிறது.

அதுதான் காளி ஆறு. நேபாளத்தில் அதை மகாகாளி என்பார்கள். சமவெளிக்கு இறங்கியதும் சாரதா. கிழக்கிந்தியக் கம்பெனியோடு நேபாளம் செய்துகொண்ட சுகௌலி ஒப்பந்தம் 1816-ல் இந்த ஆற்றை எல்லையாக்கியது. இக்கரையில் ஒரு தார்ச்சுலா, அக்கரையில் நேபாளத் தார்ச்சுலா, இடையில் நடந்து கடக்கிற தொங்குபாலம். இந்தியரும் நேபாளிகளும் கடக்க விசா வேண்டாம். அக்கரை சேர்ந்ததும் கடிகாரம் 15 நிமிடம் முன்னால் ஓடும். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய் மதிப்பு.

மேலே வியாஸ் பள்ளத்தாக்கின் ரங் மக்களுக்கு இரு நாட்டிலும் ஊர்கள் உண்டு. கோடையில் மலையேறிப் போய், பனிக்காலத்தில் தார்ச்சுலாவுக்கு இறங்குகிறவர்கள் அவர்கள். கொண்டான் கொடுத்தான் உறவுக்கு ஆறு தடையாக இருந்ததில்லை.

பாலத்தின் கதவு மூடினால்தான் சிக்கல். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம் வந்தபோது, ஊர் திரும்ப வந்த நேபாளத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இந்தியக் கரையிலேயே சிக்கிக்கொண்டார்கள். கண்ணுக்கு எதிரே சொந்த நாடு. கால் வைக்க முடியவில்லை. சிலர் துணிந்து ஆற்றில் குதித்து நீந்தினார்கள். பனிமலையிலிருந்து வரும் அந்தத் தண்ணீரின் குளிரையும் வேகத்தையும் நினைத்தால் மனம் பதறுகிறது.

வெள்ளமும் இரு கரைக்கும் பொதுதான். 2022 செப்டம்பரில் நேபாளப் பக்கம் மேகவெடிப்பு மழை கொட்ட, இந்தியப் பக்கத்தில் கோட்டிலா கிராமத்து வீடுகள் நாசமாயின. இப்படிப்பட்ட ஆற்றில் ஒரு கரையில் தடுப்புச்சுவர் எழுந்தால், தண்ணீர் எதிர்க்கரையை அறுக்கும் என்ற பயம் வருவது இயல்பு. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பக்கத்துச் சுவர் வேலையின் மீது அக்கரையிலிருந்து கற்கள் பறந்தன. கல்லெறிவதை ஏற்க முடியாது. ஆனால் அந்தப் பயம் பொய்யானதல்ல.

வண்டிகள் போகும் பாலம் ஒன்றை இங்கே கட்ட, நேபாளத்துடன் ஒப்பந்தம் செய்ய 2022 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைந்தது. ஒரு பாலத்துக்காகச் சேர்ந்து உட்கார முடிந்த இரு அரசுகள், கரைச்சுவர்களையும் அதேபோல் சேர்ந்து திட்டமிட வேண்டும். இப்போதைக்குத் தார்ச்சுலாவின் அவசரத் தேவை அதுதான்.