ஒரு கம்ப்யூட்டர், ஏழு கருவிகள்! கோளாறு எதிலே?

வாசலில் லாரி நிற்கிறது. டிரைவர் அவசரப்படுகிறார். பில் மட்டும் வரவில்லை!

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அந்த வீட்டிலும் அதுதான் தொழில். துணிக் கட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. பில் அடித்துக் கொடுத்தால் வண்டி புறப்பட்டுவிடும்.

வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்குகிறார். பிரிண்டர் அசையவில்லை. மறுபடியும் அமுக்குகிறார். ஊஹும்!

"பிரிண்டர் போய்விட்டது. புதிது வாங்க வேண்டியதுதான்" என்கிறார்.

பிளஸ் டூ படிக்கும் மகள் தடுக்கிறாள்.

"பொறுங்கள் அப்பா! காலையில் நன்றாக வேலை செய்த பிரிண்டர்தானே? அதற்குப் பிறகு புதிதாக என்ன மாட்டினோம்?"

நல்ல கேள்வி! கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி இந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகிறது.

ஏழு பேருக்கு ஒரே வாசல்

அந்தக் கம்ப்யூட்டரோடு ஏழு கருவிகள் இணைந்திருக்கின்றன. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், கேமரா ஆகியவை ஐந்து. கல்யாணப் போட்டோக்களைச் சேமித்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று. சார்ஜ் ஏறும் செல்போன் ஒன்று.

முன்பெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு தினுசான செருகு இருந்தது. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் நுழையாது. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட வந்ததுதான் யு.எஸ்.பி. என்னும் பொதுவான இணைப்பு. 1996-ம் ஆண்டு ஜனவரியில் அதன் முதல் விதிமுறை வெளியாயிற்று.

அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர். பெயர் அஜய் பட். குஜராத்தில் பரோடா சர்வகலாசாலையில் படித்து, அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

இந்த முறையில் ஒரு கம்ப்யூட்டர் 127 கருவிகள் வரை அடையாளம் கண்டுகொள்ள முடியும்.

அப்படியானால் ஏழே ஏழு கருவிகளுக்கு ஏன் திண்டாட்டம்?

சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் பலர்

அடையாளம் காண்பது வேறு; சாப்பாடு போடுவது வேறு!

கருவிகளுக்குச் சாப்பாடு மின்சாரம். பழைய வகை யு.எஸ்.பி. துளை ஒன்று தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. 2008-ல் வந்த புதிய வகைத் துளை 900 மில்லி ஆம்பியர் தரும். பெரும்பாலும் அதன் உட்புறம் நீல நிறமாக இருக்கும்.

துளை போதவில்லை என்று நாம் "ஹப்" என்னும் சிறிய பெட்டியை வாங்கி மாட்டுகிறோம். ஒரு துளை நான்கு துளையாகிறது. ஆனால் மின்சாரம் நான்கு மடங்கு ஆவதில்லை! ஒருவர் சம்பளத்தில் நான்கு குடும்பம் நடப்பது போல, இருப்பதையே பங்கு போட வேண்டும்.

சத்திரப்பட்டி வீட்டில் நடந்தது இதுதான். காலையில் அண்ணன் ஹார்ட் டிஸ்க்கை ஹப்பில் மாட்டினான். பக்கத்திலேயே செல்போனையும் சார்ஜுக்குச் செருகினான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். ஹப் மயங்கிவிட்டது. பிரிண்டருக்குச் சுவரிலிருந்து தனி மின்சாரம் உண்டு. ஆனாலும் அதற்குச் செய்தி போகும் வழி அந்த ஹப்தானே? வழி அடைபட்டது. பழி பிரிண்டர்மேல் விழுந்தது!

பில் கேட்ஸுக்கே வந்த சோதனை

இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோ நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. பில் கேட்ஸ் மேடையில் இருந்தார். புதிய விண்டோஸ் 98-ன் பெருமையைக் காட்ட, உதவியாளர் ஒரு ஸ்கேனரைக் கம்ப்யூட்டரில் செருகினார். உடனே திரை நீலமாகி கம்ப்யூட்டர் நின்றுவிட்டது! கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்ஸும் சிரித்துச் சமாளித்தார்.

கண்டுபிடிப்பது எப்படி?

இராஜபாளையத்துப் பஞ்சாலைகளில் நூல் அறுந்தால் யந்திரத்தையா தூக்கி எறிகிறார்கள்? அறுந்த இழை எது என்று பார்த்து, அதை மட்டும் பிணைக்கிறார்கள். இங்கேயும் அதே வழிதான்.

முதலில் கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சட்டென்று பிடுங்கக் கூடாது. பத்திரமாகக் கழற்றுவதற்கான கட்டளையைக் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் உள்ளே இருக்கும் போட்டோக்கள் கெட்டுப்போகலாம்.

இரண்டாவதாக, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போடுங்கள்.

மூன்றாவதாக, கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒன்றை மாட்டி, அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. எதை மாட்டியதும் தகராறு வருகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான்காவதாக, அந்தக் கருவியை வேறு துளையில், வேறு ஒயரில் போட்டுப் பாருங்கள். சில செல்போன் ஒயர்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே உண்டு. செய்தி கொண்டுபோகும் கம்பிகள் இரா. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்!

இவற்றையும் கவனியுங்கள்

பிரிண்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளைகளில் நேராக மாட்டுங்கள். ஹப் தேவையென்றால் சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஹப்பாக வாங்குங்கள்.

ஒயர் இல்லாத மவுஸ் தடுமாறுகிறதா? அதன் சின்னஞ்சிறு செருகைப் புதிய வகை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த டிஸ்க்கும் ஒயரும் எழுப்பும் மின் இரைச்சல் மவுஸின் ரேடியோ அலையைக் கெடுக்கும். 2012-ல் இன்டெல் கம்பெனியே இதை விளக்கி வெளியிட்டது.

லேசர் பிரிண்டரை யு.பி.எஸ். பெட்டியின் பேட்டரி இணைப்பில் போடாதீர்கள். சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.

லாரி புறப்பட்டது!

மகள் எல்லாவற்றையும் கழற்றினாள். பிரிண்டரின் ஒயரை ஹப்பிலிருந்து எடுத்து, பின்பக்கத் துளையில் நேராகச் செருகினாள். பொத்தானை அமுக்கினாள்.

"கர்ர்ர்" என்று சத்தம். பில் வெளியே வந்தது!

லாரி புறப்பட்டுப் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கும் இன்னொரு பின்பக்கத் துளைக்கு மாறியது. கல்யாணப் போட்டோக்கள் தப்பின. செல்போன் சுவர்ச் சார்ஜருக்குப் போயிற்று.

வீட்டுக்காரருக்கு ஒரு பிரிண்டரின் விலை மிச்சம். செலவு? பத்து நிமிஷப் பொறுமைதான்!