சாணமும் மரத்தூளும் ஆற்றைக் காக்குமா?

சாணத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "இதற்கும் ஒரு கட்டுரையா?" என்று சில நேயர்கள் முகஞ்சுளிக்கலாம். விடியற்காலையில் வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அதன் பெருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால், விஷம் பாய்ந்த ஆற்று ஜலத்தைச் சுத்தி செய்ய மேல்நாட்டு விஞ்ஞானிகள் சாணத்தையும் மரத்தூளையும் நாடினார்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தியாயிருக்கும்.

ஆற்றில் விஷம் எப்படி வருகிறது? பூமிக்கடியில் நிலக்கரியோடும், செம்பு, வெள்ளீயம் முதலிய உலோகங்களோடும் பல இடங்களில் பைரைட்டு என்னும் கல் கலந்திருக்கிறது. பொன்னைப் போல் மினுக்கி ஏமாற்றும் இந்தக் கல்லில் இருப்பவை இரும்பும் கந்தகமுமே. புதைந்து கிடக்கும் வரையில் அது பரம சாது. சுரங்கம் தோண்டி, காற்றும் ஜலமும் அதன்மேல் பட்டுவிட்டாலோ, கந்தகத் திராவகம் உண்டாகிறது. அந்தத் திராவகம் சுற்றியுள்ள பாறையிலிருந்து துத்தநாகம், காட்மியம், பாஷாணம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இந்தக் காரியத்தில் காற்றுக்கு உடந்தையாக நுண்ணுயிர் ஒன்றும் இருக்கிறது என்பதை, 1947-ல் கால்மர், ஹிங்கிள் என்னும் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். கரைந்த இரும்பின் மாறுதலிலிருந்தே ஜீவசக்தி பெறும் அந்த நுண்ணுயிர், மெதுவாக நடக்க வேண்டியதைப் பன்மடங்கு விரைவாக்கிவிடுகிறது.

இதன் விளைவை ஓர் ஊர் கண்கூடாகக் கண்டது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் வீல் ஜேன் என்றொரு வெள்ளீயச் சுரங்கம். 1991-ல் அதை மூடினார்கள். ஜலம் இறைத்த யந்திரங்களும் பின்பு ஓய்ந்தன. சுரங்கம் ஊற்றுக் கிணறு போல நிரம்பிற்று. 1992 ஜனவரியில் சுமார் ஐந்து கோடி லிட்டர் திராவக ஜலம் அடைப்பை மீறிக்கொண்டு கார்னன் ஆற்றில் பாய்ந்தது. கடலோடு கலக்கும் கழிமுகம் வரையில் ஜலம் காவி கரைத்தாற் போலாயிற்று.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். ஒரு நுண்ணுயிர் செய்த தீங்கை மாற்ற வேறொரு நுண்ணுயிர் இருக்கிறது. அதை 1895-ல் ஹாலந்து தேசத்து பெய்யரிங்க் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். குளத்தின் அடிச்சேற்றைக் கிளறினால் அது கறுப்பாயிருப்பதையும், அழுகிய முட்டை நாற்றம் எழுவதையும் அறிவீர்களல்லவா? அது அந்த நுண்ணுயிரின் கைவரிசையே. காற்றில்லாத இடந்தான் அதற்குச் சொர்க்கம். மக்கிய இலை, மரத்தூள், சாணம் போன்றவற்றிலிருந்து ஆகாரம் பெற்று, ஜலத்தில் திராவகத்தின் கூறாகக் கலந்திருக்கும் கந்தகத்தை நாற்ற வாயுவாக மாற்றுகிறது. அந்த வாயு, கரைந்துள்ள உலோகங்களைப் பற்றிக்கொண்டு கறுப்பு வண்டலாகப் படிந்துவிடும். கூடவே ஜலத்தின் புளிப்பும் தணிகிறது.

இதை அமெரிக்காவில் இயற்கையே ஒருமுறை செய்து காட்டிற்று. ஓஹாயோ மாகாணத்தில் மரத்தூள் குவியல் ஒன்று அணைபோல் நின்று, சுரங்கத்துத் திராவக ஜலத்தைத் தேக்கியது. குவியலுக்குள் புகுந்து வெளிவந்த ஜலத்தில் புளிப்புக் குறைந்திருந்தது. காரணத்தை ஆராய்ந்தவர்கள், 1969-ல் இதையே வைத்தியமாகக் கையாளலாம் என்று எழுதினார்கள்.

கார்ன்வாலில் 1994-ல் சோதனைக்காக ஒரு நிலையம் கட்டினார்கள். ஜலம் முதலில் நாணற் பாத்திகளில் ஊர்ந்து இரும்பையும் பாஷாணத்தையும் விட்டது. பிறகு காற்றுப் புகாதபடி மூடிய குழிகளுக்குள் இறங்கிற்று. குழிகளில் நிரப்பியது பெரும்பாலும் மரத்தூள், கொஞ்சம் வைக்கோல். பாலுக்கு உறைமோர் இடுவது போல், நுண்ணுயிர் பெருகுவதற்காகச் சிறிது மாட்டுச் சாணம்! துத்தநாகமும் செம்பும் காட்மியமும் அங்கே தங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதோடு கதை மங்களமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மையை மறைக்கலாகாது. நுண்ணுயிர் நிதானமாக வேலை செய்வது. குளிர் மிகுந்தால் சோம்பும். ஆகாரம் தீர்ந்தால் மீண்டும் இட வேண்டும். படிந்த வண்டலையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். பெருவெள்ளத்துக்கு ஈடு கொடுக்க ஏராளமான நிலம் தேவை. ஆகவே, 2000-ல் வீல் ஜேனில் சுண்ணாம்பு கலந்து சுத்தி செய்யும் பெரிய நிலையத்தையே அமைத்தார்கள். சிறு ஊற்றாகக் கசியும் இடங்களுக்கோ சாண வைத்தியம் தகும். அன்றாடம் மருந்து வாங்கிக் கொட்டும் செலவும் இல்லை.

இந்தச் செய்தி நம் தேசத்துக்கும் உரியது. மேகாலயத்தின் ஜயந்தியா மலைகளில் கிடைக்கும் நிலக்கரியில் கந்தகம் மிகுதி. எலி வளை போன்ற சுரங்கங்களிலிருந்து கசிந்த ஜலத்தால் அங்கே ஓடைகள் புளித்தன, மீன்கள் மறைந்தன. 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்விதச் சுரங்கங்களைத் தடை செய்தது. ஆனால் தடையுத்தரவு கல்லுக்குத் தெரியுமா? கைவிட்ட குழியிலும் காற்றும் மழையும் புகுந்துகொண்டுதான் இருக்கும்.

தோண்டி எடுத்தவன் லாபத்தோடு போய்விடுகிறான். ஜலத்துக்காகக் குடத்தோடு ஓடைக்கு வருகிறவள் நஷ்டத்தைச் சுமக்கிறாள். சுரங்கம் தோண்ட அனுமதி கொடுக்கும் நாளிலேயே, அதை மூடிய பிறகு ஜலத்தைச் சுத்தி செய்யும் பொறுப்பு யாருடையது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். சாணமும் மரத்தூளும் எங்கும் கிடைக்கும். கிடைக்க அரிதாயிருப்பது அந்த முன்யோசனைதான்.